நட்சத்திரத்துக்குச் சம்பளம் யார் தருவது?

டொரான்டோ ஐஸ் ஹாக்கி அணி தன் பணத்தில் பாதியை நான்கு பேருக்குக் கொடுத்தது. மீதிப் பாதியில் பத்தொன்பது பேர். கடைசி ஆட்டங்களில் கணக்கு உதைத்தது.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. டொரான்டோவின் ஸ்கோஷியாபேங்க் அரங்கத்தில் ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியுடன் ஏழாவது ஆட்டம். வென்றவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் 6-1 என்ற கணக்கில் தோற்றது. அதே அரங்கில், நான்கு நாள் முன்பு ஐந்தாவது ஆட்டத்திலும் அதே 6-1. சொந்த ஊர் ரசிகர்கள் கேலிக் கூச்சல் போட்டே தங்கள் அணியை உள்ளே அனுப்பினார்கள்.

ஆறு வாரம் கழித்து, அணியின் முன்கள நட்சத்திரம் மிட்ச் மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். டொரான்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் பிறந்தவர், வயது 28. எட்டு ஆண்டுக்கு 9.6 கோடி டாலர் ஒப்பந்தம். பதிலுக்கு டொரான்டோவுக்குக் கிடைத்தவர் நிக்கோலா ருவா. மூன்றாம், நான்காம் வரிசையில் ஆடக்கூடிய நம்பகமான ஆள், அவ்வளவுதான். ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஒரு சாதாரண ஆட்டக்காரரை வாங்குவது நஷ்ட வியாபாரம் போலத் தெரியும். ஆனால் டொரான்டோ ஆறு ஆண்டுகளாகத் தேடித் தவித்தது அப்படிப்பட்ட ஆட்களைத்தான்.

ஹாக்கி என்றால் நம் ஊரில் தரையில் ஆடுவது. வட அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பனித்தளம் மட்டும்தான் அர்த்தம். தேசிய ஹாக்கி லீகில் 32 அணிகள். ஆட்டத்துக்கு இரண்டு கோல்கீப்பர் உட்பட இருபது பேர் உடை மாட்டலாம். முன்களத்தில் பன்னிரண்டு பேர், மும்மூன்று பேராக நான்கு வரிசை. தற்காப்பில் ஆறு பேர், மூன்று ஜோடி. முக்கால் நிமிடம் மூச்சு வாங்க ஆடிவிட்டு ஒரு வரிசை பெஞ்சுக்கு வர, அடுத்த வரிசை களம் இறங்கும். எவ்வளவு பெரிய முன்கள நட்சத்திரமானாலும் அறுபது நிமிட ஆட்டத்தில் அவர் பனியில் நிற்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். கிரிக்கெட்டில் ஒரு சச்சின் நாள் முழுக்க நின்று ஆடலாம். இங்கே அது நடக்காது. ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நடக்கிறது.

ஆகவே கீழ் வரிசைகளிலும் நல்ல ஆள் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரே பானை

2004-05 சீசன் முழுவதும் இந்த லீகில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். அவர்கள் கேட்டது சம்பள உச்சவரம்பு. கடைசியில் ஆட்டக்காரர் சங்கம் பணிந்தது. 2005ல் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாகச் செலவழிக்கக்கூடிய தொகை 3.9 கோடி டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. வருமானம் ஏற ஏற அந்த வரம்பும் ஏறியது. 2018-19ல் 7.95 கோடி. 2025-26க்கு 9.55 கோடி. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்தால் வரும் சராசரிதான் இந்தக் கணக்கில் ஏறும். தனி ஒருவருக்கு வரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு ஷரத்து உண்டு. 2013 முதல் லீகின் ஹாக்கி வருமானத்தில் சரிபாதி ஆட்டக்காரர்களுக்கு, சரிபாதி முதலாளிகளுக்கு. ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை பாதியைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஆட்டக்காரரின் சம்பளத்திலும் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படுகிறது. ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு, கூடுதலாகப் போன பணம் அதிலிருந்து முதலாளிகளுக்குத் திரும்புகிறது.

இதன் பொருள் எளிது. ஒரு நட்சத்திரம் பத்து லட்சம் டாலர் கூடுதலாகக் கேட்டு வாங்கினால் அது முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. பானை ஒன்றுதான், அளவு முன்பே தீர்மானமாகிவிட்டது. ஒருவர் இலையில் ஒரு கரண்டி கூடினால் இன்னொருவர் இலையில் குறையும். உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் அணியில் அந்த இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் உடை மாற்றுகிறவராகவே இருப்பார்.

டொரான்டோவின் சூதாட்டம்

டொரான்டோ கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967ல். பணத்துக்குக் குறைவில்லாத, பொறுமைக்கு மட்டும் பஞ்சமான ஊர். 2018 மே மாதம் 32 வயது கைல் டூபாஸ் பொது மேலாளரானார். ஜூலை 1 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் தலைவர் ஜான் டவாரெஸைப் பிடித்தார். ஏழு ஆண்டு, ஆண்டுக்கு 1.1 கோடி டாலர். ஏற்கனவே அணியில் மூன்று இளம் நட்சத்திரங்கள் புதிய ஒப்பந்தத்துக்குக் காத்திருந்தார்கள். எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டவர்களுக்கு, முடியும் என்றார் டூபாஸ்.

வைத்துக்கொண்டார். 2018 டிசம்பர் 1ல், கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது வில்லியம் நைலாண்டர் கையெழுத்திட்டார். வரம்புக் கணக்கில் சுமார் 70 லட்சம். 2019 பிப்ரவரியில் ஆஸ்டன் மேத்யூஸ், 1.16 கோடி. செப்டம்பரில் மார்னர், 1.09 கோடி. நால்வருக்கும் சேர்த்து 4.05 கோடி டாலர். 2019-20ன் உச்சவரம்பு 8.15 கோடி. ஏறக்குறைய பாதி. மிச்சமிருந்த 4.1 கோடியை 23 பேர் கொண்ட பட்டியலில் மற்ற 19 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 21.6 லட்சம் டாலர். கோல்கீப்பரும் முதல் ஜோடித் தற்காப்பாளரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, கீழ் வரிசைகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமான ஏழு லட்சத்தை ஒட்டி வருகிற ஆட்களைத் தேட வேண்டியதுதான்.

டூபாஸ் கணக்குத் தெரியாதவர் அல்ல. உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று பாதி என்று தெரியும் தொகை நான்கு ஆண்டில் சுருங்கிவிடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. கடன் வாங்கி வீடு கட்டுகிறவன், சம்பளம் ஏறும் என்ற தைரியத்தில்தானே கையெழுத்துப் போடுகிறான்?

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. அரங்குகள் காலியாயின. வருமானம் சரிந்தது. ஒப்பந்தப்படி சம்பளம் வாங்கிய ஆட்டக்காரர்கள் பாதிக்கு மேல் வாங்கிவிட்டதாகக் கணக்கானது. அந்தக் கடன் தீரும்வரை உச்சவரம்பு அசையவில்லை. மூன்று சீசன் 8.15 கோடி, பிறகு 8.25, பிறகு 8.35. 2019-20 முதல் 2023-24 வரை மொத்த ஏற்றம் 20 லட்சம் டாலர். சம்பளம் ஏறாத வீட்டில் தவணை மட்டும் நின்றது.

போனவர்கள்

விலையை முதலில் கொடுத்தவர்கள் நடுத்தரச் சம்பளக்காரர்கள். 37 வயதில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் பெற்று வந்திருந்த பேட்ரிக் மார்லோவின் கடைசி ஆண்டுச் சுமை 62.5 லட்சம். அதை இறக்கிவைக்க, 2019 ஜூனில் டொரான்டோ அவரைக் கரோலினாவுக்குத் தள்ளிவிட்டது. வாங்கிக்கொள்வதற்குக் கூலியாக அடுத்த ஆண்டின் முதல் சுற்று இளைஞர் தேர்வு உரிமையையும் கொடுத்தது. கரோலினா மார்லோவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அந்த உரிமையில் சேத் ஜார்விஸ் என்ற பையனை எடுத்தது. இன்று அந்த அணியின் முன்னணி முன்கள ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர்.

மூன்றாம் வரிசையின் நடுவில் ஆடிய நாஸம் காத்ரி 2019 ஜூலையில் கொலராடோவுக்குப் போனார். இரண்டு ஆண்டு தொடர்ந்து பிளே-ஆஃப் சுற்றில் முரட்டாட்டத்துக்காகத் தடை வாங்கியதும் ஒரு காரணம். 2022 இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவர் அவர்தான். கோப்பை கொலராடோவுக்கு. மூலைக்கு மூலை ஓடிப் பக்கைப் பிடுங்கி வந்து நட்சத்திரங்களுக்குக் கொடுத்த ஸாக் ஹைமன், 2021ல் ஆண்டுக்கு 55 லட்சத்துக்கு எட்மன்டனுக்குப் போனார். டொரான்டோவால் அந்தத் தொகையைத் தர முடியவில்லை. 2023-24 சீசனில் அவர் 54 கோல் அடித்தார்.

விளைவு என்ன? வழக்கமான சீசனில் டொரான்டோ வென்றுகொண்டேதான் இருந்தது. பிளே-ஆஃப் வந்தால் கதை மாறியது. 2019ல் பாஸ்டனிடம் 5-1. 2020ல் கொலம்பஸிடம் 3-0. 2021ல் மான்ட்ரியாலிடம் 3-1, அதுவும் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்ற பிறகு. 2022ல் டாம்பாவிடம் 2-1. 2024ல் மறுபடி பாஸ்டனிடம் 2-1. 2025ல் ஃபுளோரிடாவிடம் 6-1. தொடரின் கடைசி, தீர்மானிக்கும் ஆட்டங்கள் ஆறு. டொரான்டோ அடித்த கோல் மொத்தம் ஐந்து.

பணத்தில் பாதியைக் கோல் அடிப்பவர்களிடம் கொடுத்த அணி இது. ஏழாவது ஆட்டத்தில் எதிரணி தன் மிகச் சிறந்த தற்காப்பை நட்சத்திரங்கள் மேல் ஒட்டவைக்கும். அப்போது கோல் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். 2022 ஏழாவது ஆட்டத்தில் டாம்பா அடித்த இரண்டு கோலையும் போட்டவர் நிக் பால். இரண்டு மாதம் முன்புதான் ஒட்டாவாவிலிருந்து வாங்கப்பட்டவர். டாம்பாவின் கோடீஸ்வரப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

வென்றவர்களும் தப்பவில்லை

நட்சத்திரங்களே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கொள்ள முடியாது. கோப்பை வென்ற அணிகளிலும் நட்சத்திரங்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பெரிய தொகை கொடுக்கும் நாள் எப்போது வந்தது என்பதுதான் வித்தியாசம்.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் 2010, 2013, 2015 என்று மூன்று கோப்பை வென்றது. முதல் வெற்றியின் வாசனை போகும் முன்பே டஸ்டின் பஃப்ளின், ஆண்ட்ரூ லாட், கோல்கீப்பர் ஆன்டி நியெமி என்று பலரை வரம்புக்காக இழந்தது. ஜானதன் டேவ்ஸ், பேட்ரிக் கேன் இருவரின் சம்பளம் அப்போது தாங்கக்கூடியதாக இருந்ததால் இரண்டு முறை மறுபடி கட்டி எழுப்ப முடிந்தது. 2015-16 முதல் இருவருக்கும் தலைக்கு 1.05 கோடி. உச்சவரம்பு 7.14 கோடி. இரண்டு பேருக்கே 29 சதவீதம். பிராண்டன் சாட், பேட்ரிக் ஷார்ப் போனார்கள். அடுத்த ஆண்டு, ஒரு வேண்டாத ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்வதற்குப் பரிசாக இளம் தெயுவோ தெராவைனனையும் கரோலினாவுக்குத் தாரை வார்த்தார்கள். 2016ல் முதல் சுற்றிலேயே வெளியேற்றம். 2017ல் நாஷ்வில்லிடம் நான்கு ஆட்டமும் தோல்வி. ஒரு சாம்ராஜ்யம் அத்தோடு முடிந்தது.

டாம்பா பே லைட்னிங் சட்டத்தில் ஓட்டை கண்டது. நீண்டகாலக் காயத்தில் இருப்பவரின் சம்பளத்துக்கு ஈடாக வரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம். பிளே-ஆஃப் சுற்றுக்கோ வரம்பே கிடையாது. 95 லட்சம் டாலர் நட்சத்திரம் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 2021 வழக்கமான சீசன் முழுவதும் ஆடவில்லை. பிளே-ஆஃப் தொடங்கியதும் வந்தார், அனைவரையும் விட அதிகப் புள்ளி எடுத்தார், கோப்பையும் வந்தது. கொண்டாட்டத்தில் அவர் அணிந்த சட்டையில், வரம்பைவிட 1.8 கோடி டாலர் அதிகம் என்று எழுதியிருந்தது. சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அந்தக் கோடை முடிவதற்குள் டாம்பாவின் புகழ்பெற்ற மூன்றாம் வரிசை, கூர்ட், கோல்மன், குட்ரோ மூவரும் மூன்று வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். 2025-26 முதல் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கும் வரம்பு வந்து அந்த ஓட்டை அடைபட்டது.

2024, 2025 இரண்டு ஆண்டும் கோப்பை வென்ற ஃபுளோரிடாவைப் பாருங்கள். 2023-24ல் அங்கேயும் மூன்று பெரிய சம்பளங்கள் உண்டு. பார்க்கோவ் ஒரு கோடி, கோல்கீப்பர் பொப்ரோவ்ஸ்கி ஒரு கோடி, கச்சக் 95 லட்சம். மூன்றும் சேர்ந்து வரம்பில் 35 சதவீதம். ஆனால் அதற்கு அடுத்த படியில் இருந்தவர்களைப் பாருங்கள். சீசனில் 57 கோல் அடித்த ரைன்ஹார்ட் 65 லட்சம். பென்னட் 44 லட்சம். வெர்ஹேகி 42 லட்சம். முதல் ஜோடித் தற்காப்பாளர் ஃபோர்ஸ்லிங் 27 லட்சம். அவரை 2021ல் கரோலினா விடுவித்தபோது ஃபுளோரிடா பைசா கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. அடுத்தவர் கழித்துப் போட்ட ஆட்களில் நல்லதைப் பொறுக்கத் தெரிந்த கண் அந்த அணிக்கு இருந்தது. வரியும் கைகொடுத்தது. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோவில் உச்சப் படியில் மத்திய, மாகாண வரி சேர்ந்து 53 சதவீதத்தைத் தாண்டும். ஒரே சம்பளம், கையில் சேர்வது வேறு.

பேராசையா?

டொரான்டோ ரசிகர்கள் மார்னரைப் பேராசைக்காரர் என்று திட்டித் தீர்த்தார்கள். இது நியாயமில்லை. ஹாக்கி ஆட்டக்காரரின் நல்ல காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. ஒரு முழங்கால் போனால் எல்லாம் போகும். விதி 20 சதவீதம்வரை அனுமதிக்கிறது. அவர் வாங்கியது 13 சதவீதம். கேட்டவரைக் குற்றம் சொல்பவர்கள், கொடுத்த நிர்வாகத்தைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் வேறு வழியில் போனவர்களும் உண்டு. பிட்ஸ்பர்கின் சிட்னி கிராஸ்பி 2008 முதல் வாங்கியது ஆண்டுக்கு 87 லட்சம். 2024ல் புதிய ஒப்பந்தம் போட்டபோதும் அதே 87 லட்சம். எட்மன்டனின் கானர் மெக்டேவிட், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்பவர், 2025 அக்டோபரில் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். 2018ல் தொடங்கிய ஒப்பந்தத்தின் அதே 1.25 கோடிதான். அதற்கு ஒரு வாரம் முன்பு மினசோட்டாவின் கிரில் கப்ரிஸோவ் 1.7 கோடிக்குக் கையெழுத்திட்டிருந்தார். 2026-27க்கு அறிவிக்கப்பட்ட உச்சவரம்பு 10.4 கோடி. மெக்டேவிட் 12 சதவீதத்தோடு நின்றார், கப்ரிஸோவ் 16ஐத் தாண்டினார்.

மெக்டேவிட் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அவர் அணியின் அண்மைக்கால வரலாறு போதும். 2024 ஆகஸ்டில், எட்மன்டன் வரம்பை முட்டி நிற்பதைப் பார்த்த செயின்ட் லூயிஸ், அதன் இளம் ஆட்டக்காரர்கள் பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும் ஒரே நேரத்தில் கூடுதல் சம்பளம் தருவதாக ஓலை நீட்டியது. ஒருவருக்கு 45.8 லட்சம், இன்னொருவருக்கு 22.9 லட்சம். அதே தொகையைத் தந்தால் எட்மன்டன் இருவரையும் தக்கவைத்திருக்கலாம். தரவில்லை. இருவரும் போனார்கள். அடுத்த சீசனில் ஹாலோவே 63 புள்ளி எடுத்தார். எட்மன்டன் இறுதிச் சுற்றில் இரண்டாம் முறையாக ஃபுளோரிடாவிடம் தோற்றது.

குறைத்துக்கொள்வது தியாகம் என்று பத்திரிகைகள் புகழும். முதலாளிக்குச் செய்யும் தானம் என்று ஆட்டக்காரர் சங்கத்து ஆட்கள் முணுமுணுப்பார்கள். இரண்டும் சரியில்லை. பானை ஒன்று என்னும்போது நட்சத்திரம் விட்டுக்கொடுப்பது முதலாளிக்கு அல்ல, மூன்றாம் வரிசைக்கு. ஹைமனைப் போன்ற ஒருவரைத் தக்கவைக்கும் விலை அது. டவாரெஸ் இதைத் தாமதமாகவேனும் செய்தார். 2025ல் டொரான்டோவிலேயே மேலும் நான்கு ஆண்டு இருக்கச் சம்மதித்தபோது 1.1 கோடியிலிருந்து சுமார் 44 லட்சத்துக்கு இறங்கினார். அப்போது அவர் வயது 34. ஆறு ஆண்டு முன்பு ஒவ்வொருவரும் பத்து லட்சம் விட்டுக்கொடுத்திருந்தால் டொரான்டோவின் கதை மாறியிருக்குமா என்பது நிரூபிக்க முடியாத கேள்வி. ஆனால் நாற்பது லட்சத்துக்கு ஒரு நல்ல மூன்றாம் வரிசை நடு ஆட்டக்காரர் கிடைப்பார் என்பது சந்தைக்குத் தெரிந்த விலை.

இதெல்லாம் எங்கோ குளிர் தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீகுக்கு 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய், 24 பேர். இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது. கணக்குப் போட்டால் 19.5 சதவீதம். வட அமெரிக்க லீக் தனி ஒருவருக்கு வகுத்திருக்கும் எல்லைக்கு அரை சதவீதம் குறைவு. மீதி 23 பேருக்குச் சராசரி 14 லட்சம். ஆரம்ப விலை இரண்டு லட்சத்தில் பெயர் கொடுத்த இளைஞர்களும் அந்த ஏலத்தில் இருந்தார்கள்.

பெனால்டி கார்னர் என்றதும் ரசிகர்கள் ஹர்மன்பிரீத்தைத் தேடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெனால்டி கார்னரை வாங்கித் தர யாரோ ஒருவன் வட்டத்துக்குள் புகுந்து காலில் அடி வாங்கியிருப்பான். அவன் எத்தனை லட்சத்துக்கு ஆடுகிறான் என்பதில்தான் அணியின் கணக்கு நிற்கிறது. டொரான்டோ அதைக் கற்க ஆறு ஆண்டும், 4.05 கோடி டாலர் வீதம் பல சீசன்களும் ஆயின.